லீவா பண்ணை: அளவைக் குறிப்பு

பண்ணையின் பெயர் லீவா.
எங்கள் மொழியில் மணல் என்று அர்த்தம்.
ஒரு பிடி மணல் கிடையாது இங்கே.
சாரமா தீவின் மேற்கு ஓரம்,
ஜூனிபர் புதர், கல்,
கல் ஒழிந்த இடத்தில் காற்று.
பெயர் வைத்தவன்
விற்க வந்தவனாக இருக்க வேண்டும்.

தொண்ணூற்றிரண்டு, மே மாதம்.
பறித்த நிலத்தைத் திருப்பித் தருகிறதாம் அரசு.
தருமுன் அளக்க வேண்டும்.
அளக்க வந்தவன் நான்:
ஐம்பது மீட்டர் நாடா, மூன்று கழி,
ஈரத்தில் உப்பிய பதிவேடு.

வாசல்நிலைக்கு மேல் கல்லில் வெட்டிய ஆண்டு 1867.
ஏழு மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல்
திரும்பி நிற்கிறது.
கொத்தன் லாவுருக்கு எழுத்துத் தெரியாது.
அந்த ஏழைக் காட்டியே
கூலியில் அரை மூட்டை வாற்கோதுமை
பிடித்துக்கொண்டானாம் ப்ரீதிக்.

ஜெர்மன் பிரபு அவன் தலையில் கட்டிய வயல்.
உழுதால் கல். பரம்படித்தால் கல்.
பனி உருகும் வசந்தம்தோறும்
மண் புதிதாய் ஈனும் கல்.
பிள்ளைகள் ஒன்பது;
ஒன்பதும் நடை பழகியது கல் பொறுக்கத்தான்.
பொறுக்கியது வீடாயிற்று, தொழுவமாயிற்று,
மிஞ்சியது வேலியாயிற்று,
வேலிக்கும் மிஞ்சியது
இன்னும் கிடக்கிறது வயல்மூலையில்
வெயில் காயும் விரியன்களோடு.

நாற்பத்தொன்பது மார்ச்சில் லாரி வந்தது.
ஒரு மணி நேரம்,
கைகொண்ட மட்டும் சாமான்.
மருமகளாய் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது ஹில்யாவுக்கு.
மற்றவர்கள் போர்வையும் பன்றிக்கொழுப்பும் கட்ட
அவள் சாணைக்கல்லை எடுத்தாள்.
ஏன் என்று கேட்டேன்.
"கையில் இருந்தது."

ஓம்ஸ்க் பக்கம் எட்டு ஆண்டு.
கோடரி தீட்டினாள், அரிவாள் தீட்டினாள்,
முகாம் சமையல்காரியின் கத்தியும்
ஒரு துண்டு ரொட்டிக்கு.
கணவன் மூன்றாம் குளிர்காலத்தில்
என்று தொடங்கிய வாக்கியத்தை
அவள் முடிக்கவில்லை,
நானும் முடித்து எழுதவில்லை.

திரும்பி வந்தபோது
வீடு கூட்டுப்பண்ணையின் கன்றுக்கொட்டில்.
ஆள் தேவைப்பட்டது.
தன் வீட்டுக்கே கூலிக்குப் போனாள்.
படுக்கையறையில் பதினாலு கன்று;
கட்டில் கிடந்த இடத்தில்
நோஞ்சானைக் கட்டுவது வழக்கம்,
அங்கேதான் காற்று அடிக்காது,
அது அவளுக்குத் தெரியும்.
பெயர் வைத்தீர்களா என்றேன்.
"எண் இருந்தது" என்றாள்.

பழைய பத்திரம் சொல்கிறது:
பெரிய கல்லில் தொடங்கிப் பிளந்த கல் வரை.
பிளந்த கல்லை எழுபத்திரண்டில்
புல்டோசர் தள்ளிவிட்டது.
என் நாடா புல்வெளியில் அந்தரமாய் நின்றது.
அவள் போய் ஓரிடத்தில் நின்றாள்.
"இங்கே."
சாட்சி?
சிரித்தாள் என்று நினைக்கிறேன்,
காற்றில் சரியாகத் தெரியவில்லை.
கழியை அங்கேயே ஊன்றினேன்.
அது விதிக்குப் புறம்பு.

பிறகு பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுக்க வேண்டியிருந்தது.
போர்க்காலத்தில் படகேறிப் போன கொழுந்தனின் மகன்,
கோத்தன்பர்க்கில் பல் மருத்துவன்,
வீட்டில் பாதி கேட்கிறான்.
படித்துக் காட்டினேன்.
ஒரு சொல்லுக்கும் முகம் மாறவில்லை.
படிவத்தில் "சொத்துடன் உறவு" என்றொரு கட்டம்.
"மூன்று மாதம் மருமகள்,
முப்பத்தோராண்டு கூலி.
இரண்டில் எதை எழுதப்போகிறாய்?"

கட்டம் சிறியது.
விதவை என்று எழுதினேன்.

கையெழுத்திடத் தாளை வாசற்படியில் விரித்தோம்.
காற்று பிடுங்கியது.
உள்ளே போய் அந்தக் கல்லைக் கொண்டுவந்து
மேலே வைத்தாள்.
நடு தேய்ந்து வில்லாய்ப் போயிருந்தது.
இரு முனை மட்டுமே தாளை அழுத்த,
அவள் பெயர் எழுத வேண்டிய இடம்
படபடத்துக்கொண்டே இருந்தது.